ரெக்சன் மாமாவின் நோட்டு

அத்தியாயம் 14

மாவட்ட அறிவியல் கண்காட்சியில் ஜெர்லின் முதல் பரிசு வாங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி அவளுக்கென்று பேனா வாங்கி அனுப்பியிருக்கிறார். நல்ல மனசு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு இன்று தேவைப்பட்டது பேனா இல்லை, ஒரு கையெழுத்து. அதுவும் மாலை நாலு மணிக்குள்.

திங்கட்கிழமை பள்ளியில் பிரேயர் நீளும். தலைமையாசிரியை சிஸ்டர் சாதனைப் பட்டியல் வாசிக்கிற நாள் அது. கையெழுத்துப் போட்டியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் இடம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் கடற்கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக் அறுபது கிலோ. சதுரங்கத்தில் ஒரு கோப்பை. வாலிபால் அணி கால் இறுதியிலேயே தோற்றிருந்தது; சிஸ்டர் அதையும் சாதனையில்தான் சேர்த்து வாசித்தார். யாரையும் விட்டுவிட அவருக்கு மனசு வராது.

"கடைசியாக, திருச்சியில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருக்கும் பதினொன்றாம் வகுப்பு ஜெர்லின்!"

ஜெர்லின் மேடைக்குப் போனாள். நாலு மாதமாகத் தெர்மாகோலை அறுத்து, சாயம் பூசி, வயர் இழுத்து அவள் செய்த மாதிரி மேஜையில் இருந்தது. தூத்துக்குடிக் கடலின் அடித்தரை அது. மேடு பள்ளம் எல்லாம் அளவுப்படி. கடலுக்கடியில் பாறைத் திட்டாக இருக்கிற இடத்தைப் பார் என்பார்கள், மீன் அங்கேதான் கூடும். அப்படி ஆறு பார்களில் ஆறு சிவப்பு விளக்கு. பக்கத்தில் ஒரு அட்டை. அதில் ஆறு இடத்துக்கும் ஜிபிஎஸ் எண்கள், அழகான கையெழுத்தில்.

எல்லாரும் கைதட்டினார்கள். அந்த அட்டையைப் பார்த்தால் மறுபடி யாரும் கைதட்டப் போவதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

இறங்கும்போது இயற்பியல் ஆசிரியை சண்முகப்ரியா ஒரு தாளைக் கையில் திணித்தார்.

"பெற்றோர் சம்மதக் கடிதம். காலையிலதான் மெயில் வந்துச்சு. நாலு மணிக்கு வெப்சைட்டை மூடிருவாங்க. அப்பா கையெழுத்து கண்டிப்பா வேணும்."

"அப்பா பத்து மணிக்கெல்லாம் கரைக்கு வந்துருவாவ டீச்சர். மத்தியானம் போயி வாங்கிட்டு வந்துருதேன்."

"மறந்துறாத. நீ இல்லன்னா ரெண்டாவது வந்த ஸ்கூலைக் கூப்பிட்டுருவாங்க."

மறப்பாளா? பத்திரமாக மடித்துப் பையில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

*

அதே நேரத்தில் கரையிலிருந்து ஏழெட்டு மைல் தள்ளி ஜெர்லினின் அப்பா சிலுவை தன் ஃபைபர் படகில் எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூட அவருடைய மைத்துனன் ரெக்சன். ஜெர்லினுக்குத் தாய்மாமன். படகில் இரண்டு பேருக்கும் சரிபாதி.

அவர்களுடைய நாலாவது பாரின் மேல் பதினாலு படகுகள் நின்றன.

பதினோரு வருஷமாக அந்த இடத்தில் இன்னொரு படகைச் சிலுவை பார்த்ததில்லை. இப்போது கயிறு போடக்கூட இடமில்லை.

"ஏ சிலுவை அண்ணாச்சி! உம்ம மவ நல்லாப் படிக்கா போல!" பக்கத்துப் படகிலிருந்து ஒருவன் கத்தினான். கையில் பெரிய விளமீனைத் தூக்கிக் காட்டினான். "கணக்குல புலிதான்! சரியா வந்து நின்னுட்டோம்லா!"

அவன் போனை எட்டி நீட்டினான். படத்தில் ஜெர்லின் சான்றிதழோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் அந்த அட்டை. ஆறு எண்களும் கண்ணாடி மாதிரித் தெளிவாக.

நடந்தது இதுதான். பெருமை தாங்காமல் சண்முகப்ரியா டீச்சர் சனிக்கிழமை படத்தைப் பெற்றோர் குழுவில் போட்டார். அது பெற்றோர் குழுவிலிருந்து மீனவர் குழுவுக்கு நழுவியது. மறுநாள் ஞாயிறு. பூசை நாளில் இந்தக் கரையில் படகு இறங்காது. ஆக, ஊர் முழுக்க ஒரு நாள் சும்மா உட்கார்ந்து அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்திருக்கிறது. டீச்சரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் பனங்காட்டுப் பக்கத்துக் கடைக்காரக் குடும்பம், கடல் தொழில் தெரியாது. எண் என்றால் அவருக்கு எண்தான்.

"மச்சான்." ரெக்சனும் எட்டிப் பார்த்தார். "இது எப்படி வெளிய போச்சு?"

"எனக்கென்னலே தெரியும்? நோட்டுல எழுதி வச்சிருந்தேன். பிள்ள எடுத்திருக்கா."

"நோட்டுல உள்ளதை வச்சு எவனும் வந்து சேர முடியாதே!"

அதுதான் விஷயம். இந்தக் கரையில் எவனும் உள்ளது உள்ளபடி எழுதிவைப்பதில்லை. ஜிபிஎஸ் பெட்டி தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போய்விடும் என்று நோட்டில் குறிப்பார்கள். நோட்டு களவு போனால்? அதற்காக எண்ணை மாற்றி எழுதுவார்கள். ஒருவர் கூட்டுவார், ஒருவர் கழிப்பார். எத்தனை என்பது மனசுக்குள் மட்டும். கூட்டாளிக்குச் சொல்வதில்லை, பெண்டாட்டிக்குச் சொல்வதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் வடக்கு எண் ஒன்று, கிழக்கு எண் ஒன்று; சிலுவை கிழக்கு எண்ணில் எப்போதும் ஆறு கழித்து எழுதுவார்.

"நான் தப்பாத்தாம்லே எழுதியிருக்கேன். மாதா மேல சத்தியம்."

"அப்ப அட்டையில எப்படிச் சரியா இருக்கு? நீருதான் பிள்ளைகிட்ட சொல்லியிருக்கீரு. மவ பரிசு வாங்கணும்னு என் பொழப்பையும் சேத்துக் குடுத்துட்டீரு."

தான் சொல்லவில்லை என்பது மட்டும் சிலுவைக்கு நிச்சயம். மற்றது ஒன்றும் புரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ரெக்சன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். படகில் மீன் இல்லை.

*

ஜெர்லின் மத்தியானம் திரேஸ்புரத்து வீட்டுக்குள் நுழைந்தபோது செருப்பு வைக்கும் இடத்தில் அம்மாவின் செருப்பு கிடந்தது. அம்மா விக்டோரியா இறால் கம்பெனியில் வேலை. ஐந்து மணிக்கு முன்னால் வந்ததே இல்லை.

குசினியில் அடுப்பு அணைந்திருந்தது. அம்மா வாசற்படியில் கையை ஊன்றி நின்றாள். அப்பா கட்டிலில். மாமா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சின்ன அறையில் அவர் நின்றாலே கூட்டமாகத் தெரியும்.

"வந்துட்டாளா? கேளுங்க," என்றார் மாமா. "நேரா கேளுங்க. யாரு சொன்னான்னு."

"ஏளா, அட்டையில எழுதின நம்பரு ஏது?" அப்பாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"உங்க நோட்டுலேர்ந்துதாம்ப்பா எடுத்தேன்."

"நோட்டுல உள்ளது தப்புல்லா?"

"ஆமா. தப்பாத்தான் இருந்துச்சு. நான் சரி பண்ணினேன்."

மாமா சிரித்தார். நல்ல சிரிப்பில்லை அது.

"சரி பண்ணினாளாம். கேட்டியா அக்கா? பதினாறு வயசுப் பிள்ள சரி பண்ணினாளாம்!"

"நெசம்தான் மாமா. மேப்புல வச்சுப் பாத்தேன். ஒரு பார் முத்தையாபுரம் பஸ் ஸ்டாப் பக்கத்துல வந்து விழுந்துச்சு. இன்னொண்ணு துறைமுகத்துக் கல்லு மேல. அப்பா தண்ணியில இருக்கத எதுக்குத் தரையில எழுதப்போறாவ? ஆனா பக்கத்துல ஆழம் எழுதியிருந்தாவ. ஏழு பாகம், ஒம்பது பாகம்னு. அது பொய்யாத் தெரியல. ஆறு புள்ளியையும் டிரேசிங் பேப்பர்ல வரைஞ்சு, கடல் ஆழம் போட்ட மேப்பு மேல வச்சுக் கிழக்காமத் தள்ளிக்கிட்டே போனேன். ஆறு தள்ளினதும் ஆறு ஆழமும் பொருந்திருச்சு."

சிலுவை மகளையே பார்த்தார். பதினோரு வருஷம் ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஆறு. அதை இவள் ஒரு தாளை நகர்த்திக் கண்டுபிடித்திருக்கிறாள். கோபப்பட வேண்டிய நேரம் அது. அவருக்கு வந்தது பெருமை. வந்த வேகத்தில் அதை மறைத்துக்கொண்டார், மைத்துனன் எதிரில் நிற்கிறானே.

"ஒருத்தர்கிட்டயும் கேக்காம எழுதி ஒட்டலாமாளா?" என்றாள் விக்டோரியா. "உனக்கு அது படிப்பு. இவங்களுக்குச் சோறு."

"தப்புதாம்மா." ஜெர்லினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் ஆழம் பொருந்திச்சான்னுதான் பாத்தேன். யாரு பாப்பான்னு யோசிக்கல. திருச்சிக்கு அந்த அட்டையைக் கொண்டு போகமாட்டேன் மாமா. கிழிச்சிப் போட்டுருதேன். மாடல் மட்டும் கொண்டு போறேன். அப்பா, இதுல ஒரு கையெழுத்து... நாலு மணிக்குள்ள..."

தாளை எடுத்து நீட்டினாள். நீட்டிய நேரம் சரியில்லை.

"கையெழுத்தா?" ரெக்சன் பாய்ந்தார். "மச்சான், இதுல நீரு கையெழுத்துப் போட்டா நாளையிலேர்ந்து நான் உம்மகூடப் படகுல ஏறமாட்டேன். இந்தக் கதையெல்லாம் என்கிட்ட வேண்டாம். நீருதான் சொல்லியிருக்கீரு. நீரு துரோகி, உள்ளதை ஒத்துக்கிடும்."

"டேய், அவுக சத்தியம் பண்ணுதாவல்லா?" என்றாள் விக்டோரியா.

"நீ பேசாத அக்கா. உனக்குப் புருஷனும் பிள்ளையும்தான் பெரிசு."

விக்டோரியாவுக்கு அது சுருக்கென்றது. அப்பா அம்மா போன பிறகு இந்தத் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள் அவள். அவன் படகை விட்டு இறங்கினால் புருஷன் தனியாகக் கடலுக்குப் போக முடியாது, அது ஒரு பக்கம். அதைவிட, கிறிஸ்மஸுக்குத் தம்பி வீட்டுக்கு வராமல் போய்விடுவானே என்பதுதான் அவளுக்குப் பெரிசாக இருந்தது.

சிலுவை தாளை வாங்கினார். படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பிள்ள."

அடுத்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளியில் யாரையும் எங்கேயும் அனுப்பமாட்டார்கள். அது அப்பாவுக்குத் தெரியாது, ஜெர்லினுக்குத் தெரியும். மணி இரண்டு ஐம்பது.

"நான்தான் கண்டுபிடிச்சேன் மாமா," என்றாள். அழுகை நின்றிருந்தது. "அப்பா சொல்லல. எப்படி நிரூபிக்கணும், சொல்லுங்க."

ரெக்சனுக்குக் கோபம் வந்தால் யோசனை வெளியே போய்விடும். இடுப்பில் செருகியிருந்த சின்ன நோட்டை உருவி, ஒரு பக்கத்தை விரித்து மேஜைமேல் அறைந்தார்.

"இந்தா. இது என் நோட்டு. உங்கப்பாவே பாத்தது கெடயாது. நான் எத்தனை கூட்டுறேன், கழிக்கிறேன்னு என் மாதாவுக்கு மட்டும்தான் தெரியும். எங்க, சொல்லு பாப்போம்!"

அம்மா எட்டிப் பார்த்தாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றார்.

ஜெர்லின் பென்சிலை எடுத்தாள். வடக்கு எண்ணை மாமாவும் தொடவில்லை, அப்பாவைப் போலவே. அதை வைத்து எந்த வரி எந்தப் பார் என்று ஜோடி சேர்த்துவிட்டாள். கிழக்கு எண் பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. பதினாறுக்கு இருபத்தொன்று. பதினெட்டுக்கு இருபத்துமூன்று.

"அஞ்சு," என்றாள். "மாமா அஞ்சு கூட்டி எழுதியிருக்காவ."

ரெக்சனின் முகத்திலிருந்த சிவப்பு இறங்கிவிட்டது. பெண்டாட்டிகூட அறியாத ஐந்து.

அப்பா கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார். "மாப்ள, பாத்தியாலே?"

ஆனால் ஜெர்லின் நிமிரவில்லை. பென்சில் பக்கத்தின் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. அங்கே ஏழாவதாக ஒரு வரி இருந்தது.

அவர்களுடைய பார் ஆறுதான். ஏழாவது கிடையாது. வடக்கு எண் எட்டு டிகிரி, ஐம்பத்தொன்பது. தூத்துக்குடியை விட்டு வெகுதூரம் வடக்கே. அது கீழவைப்பார்க் கடல். மாமாவின் மாமியார் வீடு கீழவைப்பாரில். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை, மாமியாருக்கு முடியவில்லை என்று சொல்லி மாமா அங்கே போவார். அன்றைக்கு அப்பா தனியாகப் போக முடியாமல் கரையில் வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரிக்குப் பக்கத்தில் ஆழம் எழுதியிருந்தது. தேதிகளும் எழுதியிருந்தன. எல்லாம் வெள்ளிக்கிழமைகள்.

மாமா வேறொருவர் படகில் போகிறார். தனியாக ஒரு பார் வைத்திருக்கிறார்.

ஜெர்லின் தலையைத் தூக்கினாள். ரெக்சன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எதைக் கண்டுவிட்டாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். அப்பாவைத் துரோகி என்ற வாய்க்கு அது சரியான பதிலாக இருக்கும். அவளுக்கு ஆசையாகவும் இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அந்த வார்த்தையோடு படகு போகும், அம்மாவுக்குத் தம்பி போவான்.

"அவ்வளவுதான் மாமா," என்றாள். நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளினாள். "ஆறும் சரியா இருக்கு."

ரெக்சன் நோட்டை இடுப்பில் செருகினார்.

"கையெழுத்துப் போட்டுக் குடும் மச்சான்," என்றார். "பிள்ள போயிட்டு வரட்டும். நான் கோவத்துல என்னவோ பேசிட்டேன்."

"நாளைக்குப் படகுக்கு?"

"விடியக்காலம் நாலு மணிக்கு வந்துருதேன்."

சாப்பிடச் சொல்லி விக்டோரியா கூப்பிட்டாள். அவர் நிற்கவில்லை. வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

*

சிலுவை தன் பழைய டிவிஎஸ்ஸில் மகளைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்குக் கிளம்பியபோது மணி மூன்றரை. கையெழுத்துப் போட்ட தாள் அவள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழாவது வரிதான் கண்ணில் நின்றது.

பள்ளிக்கு ஒரு தெரு முன்னால் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். இறங்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"அந்தப் பக்கத்துல ஏழு வரி இருந்திச்சு," என்றார்.

ஜெர்லின் அவர் தோளைப் பிடித்தாள்.

"அப்பா..."

"எனக்குத் தெரியும் பிள்ள. ரெண்டு வருஷமாத் தெரியும். கீழவைப்பார்க்காரன் ஒருத்தன் சொன்னான். நான் கேட்டுக்கிடல."

"ஏம்ப்பா? அவுக உங்களைத் துரோகின்னு சொல்லும்போதுகூட..."

"கேட்டா அவன் போயிருவான். போனா போறான், இன்னொரு ஆளைச் சேத்துக்கிடலாம். உங்கம்மா தாங்கமாட்டா. அவளுக்கு அவன் தம்பி இல்ல, மூத்த பிள்ள." அப்பா முகத்தைத் துண்டால் துடைத்தார். "அவளுக்குத் தெரியவே கூடாது. நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். செய்வியா?"

"செய்வேம்ப்பா."

வண்டியைக் கிளப்பி வாசலில் இறக்கிவிட்டார். சண்முகப்ரியா டீச்சர் மாடி வராந்தாவில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று நாற்பத்தைந்து. ஜெர்லின் இரண்டு எட்டு வைத்திருப்பாள். அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் பார்த்துவிட்டு நீட்டினார்.

"அம்மா. உங்கிட்டப் பேசணுமாம்."

"என்னம்மா?"

"ஏளா, அப்பா பக்கத்துல இருக்காவளா? கொஞ்சம் தள்ளி வா." விக்டோரியா கிசுகிசுத்தாள். குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு பேசுகிறாள் போல, அந்தச் சத்தமும் சேர்ந்து கேட்டது. "உன் பென்சில் அங்கன நின்னதை நானும் பாத்தேன். அந்த ஏழாவது."

ஜெர்லின் சுவரோரமாகத் தள்ளிப் போனாள்.

"எனக்குப் போன கிறிஸ்மஸ்லேர்ந்து தெரியும். அவன் பெண்டாட்டி வாய் தவறி உளறிட்டா. இன்னிக்கு வரைக்கும் என் வயித்துல வச்சிருக்கேன். அப்பாவுக்கு மட்டும் தெரியவே கூடாது, கேட்டியா? அந்த மனுஷன் அவனை நம்பித்தான் கடலுக்குப் போறாவ. தெரிஞ்சா நடுக்கடல்லயே மனசு ஒடிஞ்சிரும். செய்வியா?"

அப்பா வண்டிமேல் உட்கார்ந்தபடி, என்னவாம் என்று கண்ணால் கேட்டார்.

"செய்வேம்மா," என்றாள் ஜெர்லின். போனை அணைத்துக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள்.

"என்ன சொல்லுதா?"

"மத்தியானம் நான் சாப்பிடலையாம். அதான் கேட்டாவ."

"அதானே. அவளுக்கு வேற என்ன தெரியும்," என்று சிரித்துக்கொண்டே சிலுவை வண்டியைத் திருப்பினார்.